பதின்மூன்று இருபத்து நான்கு ஆன கதை

அரசு மருத்துவமனைகளின் கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு இன்று பெரும்பாலும் ஒரே ஒரு மாத்திரைதான் கொடுக்கிறார்கள். நாளுக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டால் போதும். டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் ஃப்யூமரேட் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் என மூன்று மருந்துகள் அதற்குள் இருக்கின்றன. விடாமல் போட்டு வந்தால் பரிசோதனையில் சிக்காத அளவுக்கு ரத்தத்தில் வைரஸ் குறைந்துவிடும். வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், தொற்றில்லாத பிள்ளையைப் பெற்று வளர்க்கலாம்.

இந்த மாத்திரையை ஒருவருக்கு ஓராண்டு முழுவதும் தர 45 டாலருக்கும் குறைவாகவே செலவாகும் என்று 2023 ஆகஸ்டில், ஏழை நாடுகளின் சிகிச்சைக்கு நிதி தரும் குளோபல் ஃபண்ட் அறிவித்தது. 2000-ம் ஆண்டில் மேலை நாடுகளில் மும்மருந்துச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆனது. அந்தத் தொகை இந்த அளவுக்கு இறங்கியது எப்படி என்று கேட்டால், காப்புரிமைப் போராட்டம், இந்தியக் கம்பெனிகளின் துணிச்சல், உலக நாடுகளின் நிதியுதவி என்று பதில் வரும். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பதிலில் ஓர் ஆள் விடுபட்டுப் போகிறார். மருந்து ஆலையில் வேதிவினை நடக்கும் கலனான ரியாக்டரின் ஓரத்தில் நின்று, நூறு கிலோ மூலப்பொருள் போட்டால் எத்தனை கிலோ மருந்து வருகிறது, மீதி எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வேதியியலாளர் அவர். செய்முறை வேதியியல் என்பது அவருடைய துறை. நோபல் பரிசு மேடைகளில் அந்தப் பெயர் அதிகம் கேட்பதில்லை. நோயாளியின் கைக்கு மாத்திரை போய்ச் சேர்வதில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ல். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, 1987 மார்ச்சில், எச்.ஐ.வி.க்கு எதிரான முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அப்போது அதன் விலை ஆண்டுக்கு 8,000 முதல் 10,000 டாலர். அந்த மருந்தின் மூலப்பொருளான தைமிடினுக்கு ஆரம்பத்தில் ஹெர்ரிங் மீனின் விந்தைத்தான் நம்பியிருந்தார்கள். மீனை நம்பி உலகத்துக்கே மருந்து செய்ய முடியாது. தைமிடினை ஆலையிலேயே தயாரிக்கும் வழி பிறந்த பிறகுதான் அந்த மருந்து பெருமளவில் சாத்தியமானது. ஹைதராபாத்தில் இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகத்தின் இயக்குநராக இருந்த ஏ.வி. ராமாராவ் இங்கேயே ஏ.இசட்.டி. செய்யும் முறையை உருவாக்கித் தந்தார். சிப்லா நிறுவனம் 1993-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2001 பிப்ரவரியில் அதே சிப்லா, ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் மூன்றையும் சேர்த்த சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னபோது மருந்து உலகம் அதிர்ந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதல் எட்டு மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் இருந்தது.

அந்த 350 டாலர் மருந்தில் ஒரு குறை இருந்தது. ஸ்டாவுடின் மலிவானது, ஆனால் ஆண்டுக்கணக்கில் போட்டால் உடம்பை உருக்கிவிடும். கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போகும். பாதம் எரியும், நடக்க முடியாது. ஒட்டிய கன்னத்தைப் பார்த்தே இவருக்கு எச்.ஐ.வி. என்று ஊர் கண்டுகொள்ளும் நிலை வந்தது. உயிரைக் காப்பாற்றிய மாத்திரையே ஆளைக் காட்டிக்கொடுத்தது. 2009 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதன் இடத்தில் ஏ.இசட்.டி. அல்லது டெனோஃபோவிர். நாளுக்கு ஒரு தடவை போட்டால் போதும் என்பதாலும், ரத்தசோகை வராது என்பதாலும் பலரும் விரும்பியது டெனோஃபோவிரை.

டெனோஃபோவிர் பிறந்த இடம் செக் நாட்டின் பிராக் நகரம். அந்தோனின் ஹோலி என்ற வேதியியலாளர் அங்கே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மூலக்கூறுகளை வரிசையாக உருவாக்க, பெல்ஜியத்தின் லூவன் நகரில் எரிக் டி கிளெர்க் அவற்றை வைரஸ்களின் மேல் சோதித்தார். அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் உரிமம் பெற்றது. ஒரு சிக்கல் இருந்தது: டெனோஃபோவிர் மூலக்கூறில் ஒரு பாஸ்பரஸ் அமிலப் பகுதி உண்டு. அது மின்னேற்றம் தாங்கி நிற்பதால் குடலின் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேராது. ஊசியாகப் போடலாம், மாத்திரையாகத் தர முடியாது. ஆகவே அந்த அமிலப் பகுதியின் மேல் இரண்டு மூடிகளை மாட்டினார்கள். குடலைக் கடந்ததும் உடம்பே அந்த மூடிகளைக் கழற்றிவிடும். மூடி மாட்டிய வடிவம்தான் டெனோஃபோவிர் டைசோப்ராக்சில். 2001 அக்டோபரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. ஹெபடைடிஸ் பி நோய்க்கும் இதே மருந்து பின்னர் பயனுக்கு வந்தது.

இந்தியாவில் இதற்குக் காப்புரிமை தரக்கூடாது என்று 2006-ல் எதிர்ப்பு மனு போட்டவர்களில், 1997-ல் சென்னையில் தொடங்கிய எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பான ஐ.என்.பி. பிளஸும் ஒன்று. 2009-ல் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பங்களை நிராகரித்தது. சட்டத்தின் கதவு திறந்தது. ஆனால் கதவு திறந்ததாலேயே விலை குறைந்துவிடாது.

எடையைப் பார்த்தால் காரணம் புரியும். ஸ்டாவுடின் 30 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை, ஆக 60 மில்லிகிராம். டெனோஃபோவிர் மாத்திரையில் 300 மில்லிகிராம், அதாவது ஐந்து மடங்கு. ஓராண்டுக்கு ஒருவருக்கு 110 கிராம். பத்து லட்சம் பேருக்கு 110 டன். எச்.ஐ.வி. மருந்துகளின் விலையில் பெரும்பகுதி மாத்திரை அடிப்பதற்கோ டப்பாவுக்கோ போவதில்லை. உள்ளே இருக்கும் மருந்துச் சரக்குக்கே போகிறது. சரக்கு தயாரிக்க எவ்வளவு ஆகிறதோ, கிட்டத்தட்ட அதை ஒட்டியே மாத்திரையின் விலை நிற்கும். 2000-களின் நடுவில் டெனோஃபோவிர் மட்டும், கிலியட் ஏழை நாடுகளுக்கென்று வைத்த சலுகை விலையிலேயே, ஆண்டுக்கு 200 டாலரை ஒட்டி இருந்தது. லட்சக்கணக்கானோரை ஸ்டாவுடினிலிருந்து இதற்கு மாற்ற அந்த விலை இடம் கொடுக்காது.

அப்போது நடைமுறையில் இருந்த தயாரிப்பு முறையில் மொத்த மகசூல் 13 சதவீதம். நூறு மூலக்கூறு அடினைனை உள்ளே அனுப்பினால், பதின்மூன்றுதான் மருந்தாக வெளியே வரும். மீதி எண்பத்தேழு வழியில் எங்கெங்கோ கழிவாகப் போய்விடும்.

இது ஆலையின் கவனக்குறைவு அல்ல, பல படி வேதிவினைகளுக்கே உரிய கணக்கு. நான்கு படிகள் உள்ள ஒரு தயாரிப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் 60 சதவீதம் தேறுகிறது என்றால் அது மோசமாகத் தெரியாது. ஆனால் 100 முதல் படியில் 60 ஆகும், அடுத்ததில் 36, பிறகு 21.6, கடைசியில் 13. இப்போது ஒவ்வொரு படியிலும் பத்தே புள்ளி கூட்டி 70 ஆக்கிப் பாருங்கள்: 70, 49, 34.3, கடைசியில் 24. எந்தப் படியிலும் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நான்கு இடங்களில் நான்கு சின்னத் திருத்தங்கள். முடிவில் கையில் கிடைக்கும் மருந்து கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது. செய்முறை வேதியியலின் மொத்தப் பலமும் இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

டெனோஃபோவிரிலும் நடந்தது அதேதான். கிளின்டன் ஹெல்த் ஆக்செஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 2002 முதல் எச்.ஐ.வி. மருந்துகளின் விலையைக் குறைக்கப் பாடுபட்டு வருகிறது. கம்பெனிகளோடு பேரம் பேசுவதோடு நிற்காமல், அது வேதியியலாளர்களையும் வேலைக்கு வைத்தது. ஃபைசரில் செய்முறை வேதியியலாளராக இருந்த டேவிட் பிரவுன் ரிப்பின் அங்கே வந்தார். ஹோவர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் ஃபார்ச்சுனக் சேர்ந்துகொண்டார். பல ஆய்வாளர்கள் கைகோத்த அந்த முயற்சியின் விவரம் 2010-ல் 'ஆர்கானிக் பிராசஸ் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட்' என்ற ஆய்விதழில் வெளிவந்தது. மகசூல் 13 சதவீதத்திலிருந்து 24 ஆக உயர்ந்ததை அந்தக் கட்டுரை காட்டியது.

என்ன செய்தார்கள் என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம்.

தொடக்கப் பொருள் அடினைன், நம் மரபணுவில் இருக்கும் அதே அடினைன். வெள்ளைத் தூள், எதிலும் எளிதில் கரையாத பிடிவாதக்காரப் பொருள். அதை டைமீதைல் ஃபார்மமைடு என்ற கரைப்பானில் போட்டு, காரம் சேர்த்து, 100 டிகிரிக்கும் மேல் சூடாக்கி, புரொப்பிலீன் கார்பனேட்டுடன் வினைபுரிய விடுவார்கள். இந்தக் கார்பனேட்டுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. மருந்துக்கு ஒரு கைதான் ஆகும். அடினைனில் ஒட்டுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் இருப்பதால், தவறான இடத்தில் ஒட்டிய மூலக்கூறுகளும் கொஞ்சம் கலந்து வரும்.

இரண்டாம் படியில்தான் பாஸ்பரஸ் பகுதியைச் சேர்க்க வேண்டும். மெக்னீசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு என்ற வலுவான காரம் இதற்குத் துணை. இங்கே கிடைப்பது அழகான படிகம் அல்ல, பிசுபிசுப்பான எண்ணெய். அதோடு மெக்னீசியம் உப்புகளும் வினைபுரியாத மிச்சமும் கலந்திருக்கும். ஆய்வகக் குடுவையில் கரைப்பானை ஒரு மணி நேரத்தில் ஆவியாக்கிவிடலாம். சில ஆயிரம் லிட்டர் ரியாக்டரில் 153 டிகிரியில் கொதிக்கும் டைமீதைல் ஃபார்மமைடை வெற்றிடம் போட்டு இழுத்து எடுக்க மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் சரக்கு சூட்டில் கிடக்கும், சிதையும்.

மூன்றாம் படியில், பாஸ்பரஸ் பகுதியின் மேல் தற்காலிகமாக இருந்த எதைல் தொகுதிகளைக் கழற்ற வேண்டும். இதற்கு ட்ரைமீதைல்சிலைல் புரோமைடைப் பயன்படுத்தினார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே புகைந்து அமிலம் கக்கும்; விலையும் அதிகம். திருத்தம் இங்கே வந்தது: ட்ரைமீதைல்சிலைல் குளோரைடையும் சோடியம் புரோமைடையும் ரியாக்டருக்குள் ஒன்றாகப் போட்டால், வேண்டிய புரோமைடு அங்கேயே உருவாகி அங்கேயே வேலையை முடிக்கும். அந்தக் குளோரைடு சிலிகோன் தொழிலில் ஏராளமாகக் கிடைப்பது. சோடியம் புரோமைடு சாதாரணமான ஓர் உப்புவகை. விலை உயர்ந்த, சேமித்து வைக்கவே பயப்பட வேண்டிய ஒரு திரவத்தின் இடத்தை இந்த இரண்டு மலிவுச் சரக்குகள் பிடித்துக்கொண்டன. பிறகு தண்ணீரில் அமிலத்தன்மையைக் கவனமாகச் சரிசெய்தால் டெனோஃபோவிர் வெள்ளைப் படிகமாக இறங்கும்.

கடைசிப் படி மூடி மாட்டுவது. இதுதான் எல்லாவற்றிலும் கஞ்சப் படி. இரண்டு மூடிகளில் ஒன்று மட்டும் மாட்டிக்கொண்ட மூலக்கூறுகள், வேறு இடத்தில் கூடுதலாக மாட்டிக்கொண்டவை, ஒன்றோடொன்று பிணைந்துபோனவை என்று பலதும் உருவாகும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மாட்டிய மூடி கழன்றுவிடும். சூட்டைக் கூட்டினால் வினை விரையும், சரக்கும் சிதையும். இங்கே ஒரு குவாட்டர்னரி அமோனியம் உப்பைக் கூடுதலாகச் சேர்த்தபோது வினை மேம்பட்டது. அதைவிட முக்கியம், வினை முடிந்த பிறகு மருந்தைப் பிரித்தெடுக்கும் நீண்ட வேலையைப் பெரிதும் சுருக்கினார்கள். கழுவுதல், பிரித்தல், மறுபடி கழுவுதல் என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சரக்கு கழிவுநீரோடு போய்க்கொண்டிருந்தது. அது நின்றது. கடைசியில் ஃப்யூமரிக் அமிலத்தோடு சேர்த்து உப்பாகப் படிய வைத்து, வடிகட்டி, உலர்த்தினால் மருந்து.

இந்தத் திருத்தத்தின் பலனைக் கிலோவில் சொல்வதென்றால்: ஒரு கிலோ மருந்து செய்ய 13 சதவீத மகசூலில் ஏறத்தாழ 1.6 கிலோ அடினைன் வேண்டும். 24 சதவீதத்தில் 0.9 கிலோ போதும். அடினைன் மட்டுமல்ல, கரைப்பான், காரம், நீராவி, மின்சாரம், ஆள் கூலி, ரியாக்டர் நேரம் எல்லாமே அதே போக்கில் இறங்கும். அதே ஆலை, அதே இயந்திரம், அதே ஆட்கள், ஏறக்குறைய இரண்டு மடங்கு மருந்து.

24 கூடப் பெரிய எண் இல்லையே என்று தோன்றலாம். உண்மைதான். அதனால்தான் அதற்குப் பிறகும் பல குழுக்கள் இதே மூலக்கூறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. விலை இறங்கியதற்கு வேதியியல் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. உரிமங்கள், பல கம்பெனிகளின் போட்டி, நாடுகள் சேர்ந்து மொத்தமாக வாங்கியது எல்லாம் சேர்ந்தே 2017-ல் மூன்று மருந்துகள் அடங்கிய ஒரே மாத்திரை ஆண்டுக்கு 75 டாலர் என்ற அறிவிப்பு வந்தது. ஆனால் போட்டி விலையை அடக்கச் செலவு வரைதான் இறக்கும். அடக்கச் செலவையே இறக்க வேதியியலால்தான் முடியும்.

இவ்வளவு நல்ல வழி இருந்தால் எல்லாரும் உடனே மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். ஆலைகள் தயங்குவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு.

முதல் காரணம் இயற்பியல். ஒரு குடுவையை நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் பத்து மடங்காக்கினால் அதன் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும். சுவரின் பரப்பு நூறு மடங்குதான் ஆகும். வினையில் பிறக்கும் சூடு கொள்ளளவைப் பொறுத்தது. அது வெளியேறும் வழி சுவர். ஆகவே பெரிய கலனில் ஒவ்வொரு லிட்டருக்கும் சூடு வெளியேறும் வாய்ப்பு பத்தில் ஒன்றாகிவிடுகிறது. ஆய்வகத்தில் ஐஸ் தொட்டியில் வைத்து அமைதியாக முடித்த வினை, ஆலையில் கட்டுமீறிப் போகலாம். ஒவ்வொரு திருத்தத்தையும் சிறு கலன், நடுத்தரக் கலன், பெரிய கலன் என்று படிப்படியாக ஏற்றித்தான் உறுதி செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. செய்முறையை மாற்றினால் புதிய அசுத்தங்கள் வரலாம். 2007 ஜூனில் ரோஷ் நிறுவனம் தன் எச்.ஐ.வி. மருந்தான விராசெப்டை ஐரோப்பா உள்ளிட்ட பல நாடுகளில் திரும்பப் பெற்றது. மாத்திரையில் வினோத வாடை வருகிறது என்று நோயாளிகள் புகார் சொன்னதிலிருந்து விஷயம் வெளிவந்தது. தயாரிப்பில் பயன்பட்ட மீத்தேன்சல்ஃபானிக் அமிலத்தின் தொட்டியை எத்தனால் கொண்டு கழுவியிருந்தார்கள். முழுக்கக் காயாமல் மிஞ்சிய எத்தனால் அமிலத்தோடு வினைபுரிந்து எதைல் மீசைலேட் உருவாகிவிட்டது. அது மரபணுவைச் சேதப்படுத்தக்கூடிய பொருள். சில லிட்டர் எத்தனால் ஒரு மருந்தையே சந்தையிலிருந்து இறக்கிவிட்டது. அதன் பிறகு உலகம் முழுவதும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இவ்வகை அசுத்தங்களைத் தேடித் தேடிக் கேள்வி கேட்கத் தொடங்கின. ஒரு கரைப்பானை மாற்றுவதற்கும் இன்று ஆதாரம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்கத்தான் வேண்டும். நோயாளியின் உடம்பு ஆலையின் சோதனைக் கூடம் ஆகிவிடக் கூடாது.

மகசூல் கூடுவதற்கு இன்னொரு பலனும் உண்டு. அது ஆலையைச் சுற்றி வாழ்பவர்களுக்கானது. ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் 1992-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்: மருந்துத் தொழிலில் ஒரு கிலோ சரக்குக்கு 25 முதல் 100 கிலோ வரை, சில சமயம் அதற்கும் மேல் கழிவு உண்டாகிறது. அதில் பெரும்பங்கு கரைப்பான். மருந்தாக மாறாத எண்பத்தேழு மூலக்கூறுகளும் காற்றில் மறைந்துவிடுவதில்லை. எரியூட்டிக்கோ, சுத்திகரிப்பு நிலையத்துக்கோ, அது ஒழுங்காக நடக்காத இடத்தில் ஓடைக்கும் ஏரிக்குமோ போகின்றன. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் ஆன்டிபயாடிக் மருந்துகள் மிக அதிக அளவில் கலந்திருந்ததை 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கடலூர் சிப்காட் பக்கம் ராத்திரி வீசும் நெடியோடு வாழ்ந்தவர்களுக்கு ரசாயனக் கழிவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீணாவதைக் குறைக்கும் வேதியியல், மருந்தின் விலையையும் ஊரின் நஞ்சையும் சேர்த்தே குறைக்கிறது. இதைத் தனியாக ஒரு சுற்றுச்சூழல் திட்டம் என்று பார்க்கத் தேவையில்லை, நல்ல தயாரிப்பு முறையே அதுதான்.

கிளின்டன் அமைப்பின் வழியில் வேறு சிலரும் நடந்தார்கள். அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில், வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் கப்டன் 'மெடிசின்ஸ் ஃபார் ஆல்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முன்பு நெவிராபினைத் தயாரித்த மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பேராசிரியரான பிறகு கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் அதே நெவிராபினை மறுபடி கையிலெடுத்து, படிகளைச் சுருக்கி, மகசூலை வெகுவாக உயர்த்திக் காட்டினார். புதிய மருந்து கண்டுபிடிப்பது மட்டுமே ஆராய்ச்சி என்று கருதும் பல்கலைக்கழக உலகில், இருக்கிற மருந்தை மலிவாகச் செய்வதும் முழு நேர ஆராய்ச்சிதான் என்று நிலைநாட்டியது சின்ன விஷயமல்ல.

மெர்க் நிறுவனம் 2019-ல் வேறொரு பாதையைக் காட்டியது. இஸ்லாட்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் செய்ய அவர்கள் ஒன்பது என்சைம்களை வரிசையாக வேலைக்கு வைத்தார்கள். அவற்றில் ஐந்து இதற்கென்றே மாற்றியமைக்கப்பட்டவை. வினைகள் தண்ணீரிலேயே நடந்தன. இடைப்பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையே இல்லை. மொத்த மகசூல் 51 சதவீதம். பதின்மூன்றை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பார்த்தால் தூரம் தெரியும்.

இந்தியாவுக்கு இதில் ஒரு கவலை இருக்கிறது. உலகின் எச்.ஐ.வி. மருந்துகளில் பெரும்பகுதியை இந்திய ஆலைகள் செய்கின்றன. ஹைதராபாத், விசாகப்பட்டினம் வட்டாரம் அதன் மையம். ஆனால் அந்த ஆலைகளுக்கு வந்து சேரும் தொடக்கப் பொருட்களும் இடைப்பொருட்களும் கணிசமாகச் சீனாவிலிருந்து வருகின்றன. மொத்த மருந்துச் சரக்கையும் எடுத்துக்கொண்டால், இறக்குமதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்துதான். கொரோனா தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச் 3 அன்று, 26 மருந்துச் சரக்குகளின் ஏற்றுமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதே ஆண்டு, முக்கிய மருந்துச் சரக்குகளை உள்நாட்டில் தயாரிக்க 6,940 கோடி ரூபாய் ஊக்கத் தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆலை கட்டப் பணம் தருவது நல்லது. ஆனால் பழைய செய்முறையை வைத்துக்கொண்டு புதிய ஆலை கட்டினால் சீன விலையோடு போட்டி போட முடியாது. ஒரு கிலோ மருந்துக்கு 1.6 கிலோ மூலப்பொருள் தேவைப்படும் நாட்டைவிட, 0.9 கிலோ போதும் என்கிற நாடு ஏறக்குறைய பாதி அளவு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கும். சுயசார்புக்கும் மகசூலுக்கும் உள்ள இந்த உறவைப் பற்றித் திட்டக் குறிப்புகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

அடுத்த சோதனை வாசலில் நிற்கிறது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊசியாகப் போடும் லெனகாபவிருக்கு 2025 ஜூனில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அப்போது அங்கே அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கும் மேல். அதே ஆண்டு செப்டம்பரில், இந்தியாவின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ ஆகிய நிறுவனங்கள் 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலர் விலையில் அதைத் தரும் என்று அறிவிக்கப்பட்டது. டெனோஃபோவிர் போல இதற்கு 110 கிராம் தேவையில்லை. இரண்டு தவணை ஊசிக்கும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு கிராமுக்குள் முடிந்துவிடும். ஆனால் மூலக்கூறு மிகச் சிக்கலானது. அதில் ஃப்ளோரின் அணுக்கள் மட்டும் பத்து இருக்கின்றன. படிகள் கூடக்கூட அந்தப் பெருக்கல் கணக்கு எவ்வளவு இரக்கமற்றது என்பதை மேலே பார்த்தோம். 40 டாலர் என்ற வாக்குறுதி அறிவிப்பு மேடையில் நிறைவேறாது, ரியாக்டரில்தான் நிறைவேற வேண்டும். அதுவும் 2025-ன் தொடக்கத்தில் அமெரிக்க உதவி முடங்கி, பல ஆப்பிரிக்க நாடுகள் மருந்துக்குப் பணம் தேடிக்கொண்டிருக்கும் காலத்தில்.

2010-ல் வெளியான டெனோஃபோவிர் கட்டுரையில் மெச்ச வேண்டியது மகசூல் மட்டுமல்ல. எந்தப் பொருளை எந்த அளவில், எந்தச் சூட்டில், எந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்ற விவரம் முழுவதையும் அவர்கள் பொதுவில் வைத்தார்கள். ஹைதராபாத்தோ ஷாங்காயோ, எந்த ஊர் ஆலையும் எடுத்துப் படித்துச் செய்து பார்க்கலாம். நம் தேசிய ஆய்வகங்களும் பல்கலைக்கழக வேதியியல் துறைகளும் மக்கள் பணத்தில் நடப்பவை. காசநோய்க்கும் ஹெபடைடிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் நாம் அன்றாடம் வாங்கும் மருந்துகளின் செய்முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தி, அந்த முறையை இதேபோல் எல்லாருக்கும் தெரியும்படி வெளியிடும் வேலையை அவற்றுக்கு அரசு ஒப்படைக்க வேண்டும். அதற்கென்று நிதியும், இந்த வேலை செய்யும் ஆய்வு மாணவருக்குப் புது மூலக்கூறு கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் அதே மதிப்பும் கிடைக்க வேண்டும்.